தலைமாட்டு இரும்பு

கிழிக்கிற சத்தம் இடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க சிஸ்டர், நிறுத்திக்கிடுறேன். இன்னும் ரெண்டு முழம்தான் பாக்கி. ஓரத்துல பல்லால ஒரு கடி கடிச்சு விட்டாப் போதும், நேரா ஓடி வந்துரும். பழைய வேட்டி பாருங்க. பிறந்த பிள்ளைக்கு முதல்ல சுத்துறது பழந்துணியாத்தான் இருக்கணும், எங்க பக்கம் அப்படி. பிறக்கிறதுக்கு முன்னாடி புதுசு எடுத்து வச்சா ஆகாது. நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூலு ஒரு கால் ஆடும், சுவரோட ஒட்டிப் போட்டுக்கோங்க.

எனக்குப் பேச வராது சிஸ்டர். அஞ்சாப்போட நிறுத்திட்டாக. யாராச்சும் நிமிந்து பாத்தாலே நான் குனிஞ்சுக்கிடுவேன். முந்தி வந்த சிஸ்டரு வாசல்ல நின்னே, "சந்தனமாரி, பை ரெடியா?"ன்னு கேப்பாங்க. நான் தலையை ஆட்டுவேன், போயிருவாங்க. நீங்க உள்ள வந்து, பையைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கிறீங்க. பாருங்க, பாருங்க. இன்னும் பன்னண்டு நாள்தான்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, அதான் எல்லாம் எடுத்து வச்சுட்டேன். கர்ப்பம் பதிஞ்ச பிக்மி நம்பர் எழுதுன அட்டை, ஸ்கேன் படம், ஆதார் நகலு, எல்லாம் மேலயே இருக்கு. நைட்டி ரெண்டு, முன்னால பட்டன் வச்சது. பாவாடை நாலு. சோப்பு, சீப்பு, பேசினு, பிளாஸ்க்கு. அந்தப் பொட்டலத்துல பஞ்சு. இது ரஸ்க்கு.

அது பாக்குவெட்டி.

இல்ல சிஸ்டர், நான் வெத்தலை போட மாட்டேன். எங்கம்மாவோடது அது. அவ போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சு, இது ஒண்ணுதான் எனக்குன்னு வந்துச்சு. பிள்ளை பெத்தவ தலைமாட்டுல ஒரு இரும்பு இருக்கணும்ல, காத்து கருப்பு அண்டாம? சில வீட்டுல அரிவாள் வைப்பாக. அரிவாளோட ஆஸ்பத்திரிக்குப் போனா கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவாங்க. பாக்குவெட்டின்னா, பாவம் யாரோ வெத்தலை போடுற கிழவியோடதுன்னு விட்டுருவாங்க.

சரி, எடுத்து வெளிய வச்சுட்டீங்க. அந்தப் பக்கம் தரையில இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன் சிஸ்டர், நீங்க தெருவைத் தாண்டுனதும் நான் திரும்ப உள்ள வச்சிருவேன். எனக்குப் பொய் சொல்ல வராது. ஏன்னு கேக்கிறீங்கள்ல? சொல்றேன். கிழிச்சுக்கிட்டே சொல்றேன், கை சும்மா இருந்தா எனக்கு வாய் எழும்பாது.

வெளிய முற்றத்துல, கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காகள்ல, நீங்க வாரப்ப பாத்திருப்பீங்க. அவுகதான் எங்க மூத்தாரு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அண்ணன். சங்கிலின்னு பேரு. தண்ணி லாரி வச்சிருக்காக. லாரிய விட அவுக கைதான் அதிகமா ஓடும். குழாயடிச் சண்டையா, வரப்புச் சண்டையா, சங்கிலியண்ணனைக் கூப்பிடுன்னுதான் ஊர்ல சொல்வாக. போன மாசம் பஸ்ஸுல ஒரு கண்டக்டரு சில்லறை இல்லன்னு சொன்னதுக்கு, அந்தாளோட விசிலைப் பிடுங்கி அந்தாளு வாய்க்குள்ளயே திணிச்சு முன்பல்லை உடைச்சுட்டு வந்தாக. வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாக. நான்தான் பரிமாறுனேன்.

அவுக வலது கையைப் பாத்தீங்களா? ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். பாக்கலையா? அடுத்த தடவை பாருங்க.

சேனை வைக்கிறது உங்களுக்குத் தெரியும்ல? பிள்ளை பிறந்ததும், தாய்ப்பால் குடிக்கிறதுக்கு முன்னால, ஒரு ஆளு கருப்பட்டித் தண்ணியோ சீனித் தண்ணியோ விரல்ல தொட்டு நாக்குல வைப்பாக. யாரு வைக்கிறாகளோ அவுக குணம் பிள்ளைக்கு அப்படியே இறங்கிரும். சிரிக்காதீங்க சிஸ்டர், நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சேனை வச்சது கோயில்ல பூக்கட்டுற பண்டாரம். அவுக எப்படி இருக்காக? பூ மாதிரி. ஓங்கித் தும்மக்கூட மாட்டாக. மூத்தாருக்குச் சேனை வச்சது எங்க அத்தையோட தம்பி. ஒருத்தன் குடலைச் சரிச்சுட்டு ஏழு வருசம் உள்ள இருந்தவுக. வெளிய வந்த வாரத்துல மூத்தாரு பிறந்தாக. இப்பச் சொல்லுங்க.

அத்தைக்கு அதுல பெருமை. "கொம்பையா பிறந்தப்ப என் தம்பி ஊர்ல இல்லாமப் போயிட்டான், அதான் இவன் வாழைத்தண்டாப் போனான்"னு இன்னைக்கும் சொல்வாக. கொம்பையாங்கிறது எங்க வீட்டுக்காரவுக பேரு. பெத்த தாயே, அவுகளை முன்னால வச்சுக்கிட்டே சொல்வாக. அவுக சிரிச்சுக்கிடுவாக. ஒரு தடவை அப்படித்தான், அத்தை சொல்லச் சொல்ல இவுக சிரிக்கச் சிரிக்க, குழம்பு கிண்டிக்கிட்டு இருந்த கரண்டி என் கையில இருந்து வழுக்கி, இவுக நெத்தியில போய் விழுந்துருச்சு. மூணு தையல். வழுக்கித்தான் விழுந்துச்சு சிஸ்டர். நான் அடுப்படியில நின்னேன், இவுக வாசல்ல உக்காந்திருந்தாக.

நான் யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல.

தலைப்பிரசவம் வந்துச்சு. எங்க பக்கம்னா எனக்கு அண்ணன் ஒருத்தன்தான். அய்யாத்துரைன்னு பேரு. பேக்கரியில ரொட்டிக்கு மாவு பிசையுறான். மாவு பிசைஞ்சு பிசைஞ்சு அவன் கையும் மாவு மாதிரியே இருக்கும். கோழி அறுக்கிறப்ப அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுவான். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் சிஸ்டர். எம் பிள்ளைக்கு எங்கண்ணன் சேனை வைக்கணும். சண்டை தெரியாத பிள்ளையா வரணும். அம்மா சீக்கு வந்து படுத்துக் கிடந்தப்பவே அவன்கிட்டச் சொல்லிட்டா, "அய்யா, இவ பிள்ளைக்கு நீதான் தொட்டு வைக்கணும்"னு. அவன் அதுக்குன்னு ஒரு வெள்ளிச் சங்கு வாங்கி வச்சிருந்தான். பிள்ளைகளுக்குப் பால் புகட்டுற சங்கு.

அத்தைக்கு வேற கணக்கு. "ஆணோ பொண்ணோ, பாத்தா நாலு பேரு பயப்படணும். சங்கிலிதான் சேனை"ன்னுட்டாக. இவுக என்ன சொன்னாகன்னு கேளுங்க. "யாரு வச்சா என்ன"ன்னாக. அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில காலையில பத்து மணிக்குப் பிறந்தா. பொம்பளப்பிள்ளை. கீழ தையல் போட்டு, மாடியில சன்னலோரக் கட்டில்ல கொண்டு வந்து படுக்க வச்சாங்க. தலகாணிக்கு அடியில அம்மா பாக்குவெட்டி. பிள்ளை பக்கத்துல. கண்ணு சொருகிக்கிட்டு வருது. அப்ப கீழ வாசல் கேட்டுப் பக்கம் எங்கண்ணன் சத்தம் கேட்டுச்சு. எங்கண்ணன் சத்தம் போட்டு நான் அதுக்கு முன்னால கேட்டதே இல்ல. எந்திரிச்சு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன்.

டீக்கடை முன்னால நிக்கிறான். கையில அந்தச் சங்கு. மூத்தாரு முன்னால நிக்கிறாக.

"சங்கைக் குடுலே."

"இல்ல மச்சான். எங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. இது ஒண்ணு மட்டும் நான் வச்சுக்கிடுறேன். நீங்க பேரு வைங்க, மொட்டை போடுங்க, என்னமும் செய்யுங்க. இது ஒண்ணு மட்டும்."

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு ரொட்டி சுடுறவன் சேனையா? குடுலேங்கேன்."

"மாட்டேன் மச்சான்."

அதைச் சொன்னதுதான் சிஸ்டர். செவிட்டுல ஒண்ணு விட்டாக. மேல மாடிக்குக் கேட்டுச்சு அந்தச் சத்தம். எங்கண்ணன் ஒரு சுத்துச் சுத்தி விழுந்தான். விழுந்தவன் சங்கை விடலை, நெஞ்சோட வச்சுக்கிட்டான். அதுக்கு மேலயே மிதிச்சாக. அத்தை சோறு கொண்டு வந்த தூக்குச்சட்டியை எடுத்து, அதாலயே மூஞ்சியில ஒண்ணு, ரெண்டு, மூணு. ரசமும் ரத்தமும் சேந்து ஓடுச்சு. எது எதுன்னு தெரியலை. பல்லு ரெண்டு தெறிச்சு டீக்கடை பெஞ்சுக்கு அடியில போச்சு. சுத்தி ஆளு நிக்குது. டீ ஆத்துறவர் டீ ஆத்திக்கிட்டே இருக்காரு. எங்க வீட்டுக்காரவுக ரெண்டு எட்டு தள்ளி நிக்கிறாக, கையில வெந்நி பிளாஸ்க்கு. அந்தப் பிளாஸ்க்கை அவுக கீழ வைக்கவே இல்ல சிஸ்டர். அதைத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப வைப்பாக, இப்ப வைப்பாகன்னு.

படி இறங்கலாம்னு காலை எடுத்து வச்சா, தையல் பிரிஞ்ச மாதிரி சூடா என்னமோ தொடையில இறங்குச்சு. திரும்ப வந்து கட்டில்ல உக்காந்துட்டேன்.

இந்தா, இவதான் அது. தன்ஷிகா. வாடி உள்ள. சிஸ்டருக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டா. மூணரை வயசு ஆச்சு. கையைக் கிட்டக் கொண்டு போகாதீங்க சிஸ்டர், பழகுனவுகதான் தொடணும். என்னடி வேணும், ரஸ்க்கா? ஒண்ணுதான். எடுத்துக்கிட்டு அங்கயே நின்னு தின்னு.

எங்க விட்டேன்? ஆமா. மூத்தாரு மேல வந்தாக. வாசல்ல இருந்த அக்கா, "ஆம்பளைங்க நாலு மணிக்கு மேலதான்"னு கையை மறிச்சாங்க. அந்த அக்காவை அப்படியே தோளைப் பிடிச்சுச் சுவரோட நகத்தி வச்சுட்டு வந்தாக. பின்னாலயே அத்தை. அத்தை கையில எங்கண்ணன் சங்கு, நசுங்கிப் போயிருக்கு, உள்ள சீனித் தண்ணி. இவுக பிளாஸ்க்கோட கடைசியில நிக்கிறாக. நான் குனிஞ்சுக்கிட்டேன். மூத்தாரு முன்னால நான் நிமிந்து பாத்ததில்ல. அதனால எனக்கு அவுக முகம் தெரியலை, கைதான் தெரிஞ்சுது. முழங்கையில ரசத்துல கிடந்த கொத்தமல்லி இலை ஒட்டியிருக்கு. விரல் இடுக்குல ரத்தம், இன்னும் காயலை. எங்கண்ணன் ரத்தம். நகத்துக்குள்ள அப்படியே செகப்பா.

கையைக் கழுவிட்டு வந்திருக்கலாம் சிஸ்டர். நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். வார்டுக்கு வெளியவே குழாய் இருந்துச்சு.

அந்த விரலைச் சங்குல முக்குனாக. "எங்க, எஞ் சண்டியச்சி வாயைத் தொற பாப்போம்"னாக. பிள்ளைக்கு என்ன தெரியும்? பாலு வருதுன்னு வாயைத் தொறந்துச்சு. விரல் கிட்ட வருது. நான் தலகாணிக்கு அடியில கைய விட்டேன்.

நான் வெட்டணும்னு வெட்டலை சிஸ்டர். கை போச்சு. அவ்வளவுதான். நான் ஒண்ணும் செய்யலை, கைதான் போச்சு. பழுத்த பாக்கை விடக் காய்ஞ்ச பாக்கு வெட்டுறதுக்குக் கடினம்னு அம்மா சொல்வா. விரல் பழுத்த பாக்குதான். முதல்ல 'நறுக்'னு ஒரு சத்தம், எலும்புல நின்னுச்சு. அப்புறம் ரெண்டு கையையும் வச்சு அழுத்துனேன். அப்ப 'டக்'னு போயிருச்சு.

மூத்தாரு கத்தலை. கையைத் தூக்கி வச்சுக்கிட்டு, விரல் இருந்த இடத்தையே பாத்துக்கிட்டு நின்னாக, அது எங்கன போச்சுன்னு யோசிக்கிற மாதிரி. அத்தைதான் கத்துனாக. பக்கத்துக் கட்டில்காரிக்கு மயக்கம். துண்டு கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு, கூட்டுற அக்கா விளக்குமாத்தால துழாவித் துழாவித் தேடுனாங்க. இவுக அப்பத்தான் பிளாஸ்க்கைக் கீழ வச்சாக.

எல்லாம் சரி. ஒண்ணுதான் தப்பாப் போச்சு. அவுக கையைத் தூக்குறப்ப ரத்தம் சொட்டுச்சுல்ல, அதுல ரெண்டு சொட்டு பிள்ளை உதட்டுல விழுந்துருச்சு. நான் துடைக்கிறதுக்குள்ள நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டிருச்சு சிஸ்டர். இதை நினைச்சு நான் அழாத நாளு இல்ல. எதைத் தடுக்கணும்னு அவ்வளவும் பண்ணுனேனோ, அது கடைசியில ரத்தமாவே உள்ள போயிருச்சு.

கேஸா? கேஸ் ஒண்ணும் ஆகலை. கீழ டாக்டரு கேட்டதுக்கு, லாரிப் பின்கதவுல மாட்டிக்கிச்சுன்னு மூத்தாரே சொல்லிட்டாக. பச்சை உடம்புக்காரி ஒருத்தி, அதுவும் குனிஞ்ச தலை நிமிராதவ, சங்கிலியண்ணன் விரலை வெட்டிட்டான்னு ஊர்ல சொல்ல முடியுமா? அவுக தொழில் என்ன ஆகுறது? இன்னைக்கும் ஊருக்கு லாரிக் கதவுதான். அவுகளுக்கு ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல. முந்தி விரலை நீட்டி மிரட்டுவாக, இப்பக் கையை விரிச்சு மிரட்டுறாக. எங்கண்ணனுக்குத்தான் இடது காது கேக்காமப் போச்சு. "எனக்குச் சேனையும் வேண்டாம், சீரும் வேண்டாம், நீ உசுரோட இரு தங்கச்சி"ன்னு சொல்லிட்டு அன்னைக்குப் போனவன், இந்த வீட்டு வாசப்படி மிதிக்கலை.

இந்த வேட்டி? அது அவனோடதுதான். அன்னைக்குக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில அவுத்துப் போட்டதை நான் பைக்குள்ள வச்சுக் கொண்டு வந்துட்டேன். மூணரை வருசமா எத்தனையோ தடவை துவைச்சுட்டேன், இந்த இடத்துல மட்டும் காவி மாதிரி நிக்குது பாருங்க. நின்னா நிக்கட்டும். அண்ணன் சேனை வைக்கத்தான் குடுத்து வைக்கலை, அவன் வேட்டியாவது பிள்ளை மேல படட்டும். வேற ஒரு எண்ணமும் இல்ல சிஸ்டர் எனக்கு.

போடி, பெரியப்பா கூப்பிடுறாக பாரு. ரஸ்க்கைத் தின்னுட்டியா? போ, வெளிய விளையாடு.

இவளைத்தான் பாக்கிறீங்கள்ல. வந்தவுடனே பக்கத்துல, நல்ல பிள்ளை மாதிரி கேட்டுக்கிட்டு நின்னா. எல்லாம் அந்த ரெண்டு சொட்டுப் பண்ணுற வேலை. பால்வாடியில டீச்சரு காதைக் கடிச்சுட்டா. சும்மா கடி இல்ல, தோடு பல்லோட வந்துருச்சு. எதுத்த வீட்டுப் பையன் மண்டையில சிலேட்டால ஒரு போடு, சிலேட்டு ரெண்டாப் போச்சு. கோழிக்குஞ்சைப் பிடிச்சா கழுத்தைத்தான் பிடிப்பா. பால்வாடி டீச்சரு என்னைக் கூப்பிட்டு விட்டு, "வீட்டுல யாரைப் பாத்து இப்படிப் பழகுறா?"ன்னு கேட்டாங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன். நான் ஒரு எறும்பை மிதிச்சிருப்பேனா? இவ அப்பா தும்ம மாட்டாக. எங்கண்ணன் கோழி அறுக்கிறதைப் பாக்க மாட்டான். எங்க இருந்து வந்துச்சு? வேற எங்க இருந்து வரும்?

அத்தைக்குச் சந்தோசம். "என் மவன் ரத்தம்டி, பேசுது பாரு"ன்னு இவளைத் தூக்கி வச்சுக் கொஞ்சுவாக. தன்னோட பாக்குவெட்டியை இவ கையில குடுத்து, பாக்கு வெட்டப் பழக்கி விட்டுருக்காக. ரெண்டு கையாலயும் பிடிச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு வெட்டிருவா. மூத்தாருக்கும் இவள்னா உசுரு. பாதி விரலை நீட்டி, "இது எங்கடி போச்சு?"ன்னு கேப்பாக. "லாரிக் கதவு"ன்னு சொல்லணும், முறுக்கு குடுப்பாக. அதுதான் விளையாட்டு.

நான் இவளுக்குக் கெட்டது ஒண்ணும் சொல்லிக் குடுத்ததில்ல சிஸ்டர். சோறு ஊட்டுறப்ப கதை சொன்னாத்தான் வாயைத் தொறப்பா. எனக்கு ஏது கதை தெரியும்? அஞ்சாப்பு வரைக்கும் படிச்சதும் மறந்து போச்சு. தெரிஞ்சது இந்த ஒண்ணுதான், அதையே சொல்வேன். பூதம் ஒண்ணு வந்துச்சாம், மாமா பல்லை உடைச்சுச்சாம், பாப்பா வாயில விரலை வைக்க வந்துச்சாம், அம்மா என்ன செஞ்சா? 'டக்'! அந்த 'டக்' வந்ததும் கையைத் தட்டிச் சிரிச்சுக்கிட்டு ஒரு வாய் வாங்குவா. "மறுக்கா டக் சொல்லு"ம்பா. அந்த இடத்தை மட்டும் நாலு தடவை, அஞ்சு தடவை. ஒரு கிண்ணம் சோறு இறங்கிரும். மத்தபடி ரத்தம்தான் சிஸ்டர், ரத்தத்தை மாத்த முடியுமா?

இப்ப விசயத்துக்கு வாரேன். மூத்தாரு இன்னைக்கு எதுக்கு வந்து உக்காந்திருக்காகன்னு நினைக்கிறீங்க? தேதி கேக்க. போன வாரம் சோறு சாப்பிட்டுக்கிட்டே சொன்னாக, எங்கிட்ட இல்ல, தட்டைப் பாத்துச் சொன்னாக. "மிச்சம் ஒம்பது இருக்கு. இந்தத் தடவை அவ ரெண்டு கையையும் முட்டியோட ஒடிச்சுக் கட்டில்ல கட்டிப் போட்டுட்டு, அவ பாத்துக்கிட்டு இருக்கச் சேனை வப்பேன். அப்பத்தான் எனக்கு அந்த விரல் ஆறும்." அத்தை, "பெத்த உடனே வேண்டாம்யா, ரெண்டு நாளு கழிச்சு ஒடி"ன்னாக. பாசம்தான். இவுக, "அண்ணன் சும்மா சொல்றான்"னாக. அன்னைக்கு நான் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். கஞ்சித்தண்ணி இவுக கால்ல ஊத்திருச்சு. கை வழுக்கித்தான். இன்னும் செருப்புப் போட முடியலை, நொண்டுறாக.

அதனாலதான் அந்தப் பாக்குவெட்டி. சாணைக்கல்லுல தீட்டியிருக்கேன். நீங்க வேண்டாங்கிறீங்க, ஆனா அவுக ஒம்பது விரலோட வருவாக, நான் வெறுங்கையோட படுத்துக் கிடக்கவா?

என்ன சொல்றீங்க சிஸ்டர்? மறுக்காச் சொல்லுங்க.

சீனித் தண்ணியே வைக்கக் கூடாதா? யாருமேயா?

பிள்ளை பிறந்த உடனே... பிரசவ ரூமுக்குள்ளயே... தொப்புள்கொடி அறுத்த கையோட எம் மாருல போட்டுருவீங்களா? சீம்பாலு. வெளிய கொண்டு வாரதுக்கு முன்னாலயே. அந்த ரூமுக்குள்ள ஆம்பளையே வர முடியாதா? அத்தைகூடவா? நீங்க போன் போட்டுச் சொல்லி வச்சிருவீங்களா, இவளுக்கு முதல்ல அதைச் செஞ்சுட்டுத்தான் கதவைத் தொறக்கணும்னு? சத்தியமா?

அப்ப மூத்தாரு வந்து எதை வச்சாலும் அது ரெண்டாவதுதான். முதல்ல நாக்குல படுறது எம் பாலுதான். அப்ப நானே சேனை வச்ச மாதிரி!

இது எனக்குத் தோணவே இல்லையே சிஸ்டர். மூணரை வருசமா யாரு வைக்கிறது, யாரு வைக்கிறதுன்னு... எங்கண்ணன் பல்லு போயி, காது போயி... நான் இருக்கேன்லா, நானு? எங்குணம் வந்தாப் போதுமே. தலை நிமிராத பிள்ளையா, சாதுவா, யாரு அதட்டுனாலும் வாயைத் தொறக்காம, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்கும். கண்ணுல தண்ணி வருது பாருங்க. நீங்க நல்லா இருப்பீங்க சிஸ்டர்.

இனி எதுக்கு அந்த இரும்பு? வேண்டாம். நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. உங்க பையில போட்டுக்கோங்க, வீட்டுல பாக்கு வெட்ட ஆகும். காத்து கருப்புக்கு ஒரு ஊக்கு வச்சுக்கிட்டாப் போதும். இந்தா எடுத்துத் தாரேன். குனிய முடியலை, வயிறு இடிக்குது. எங்க வச்சீங்க? இந்த ஸ்டூலு பக்கத்துலதானே வச்சீங்க? துணிக்கு அடியில இருக்கோ. இல்லையே. உங்க காலுக்கு அடியில பாருங்க சிஸ்டர். இங்கதானே அவ நின்னு ரஸ்க்கு தின்னுக்கிட்டு...

"ஏட்டி சந்தனமாரி! ஓடியா! ஓடியாட்டி! எம் மவன் கையி! ஐயோ, ஐயோ, இவ பிடிச்ச பிடியை விட மாட்டேங்கிறாளே! என்னத்தட்டி குடுத்து விட்ட பிள்ளை கையில!"

நான் ஒண்ணும் குடுக்கலை அத்தை! நான் இங்க பைதான் அடுக்கிக்கிட்டு இருக்கேன்! இந்தா வந்துட்டேன்! அடியே தன்ஷி, அதைக் கீழ போடு! கையைத் தட்டாத, கீழ போடுங்கேன்ல!

அந்தப் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க சிஸ்டர். என்னை ஒரு கை கொடுத்துத் தூக்கி விடுங்க. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எல்லாம் அந்த ரெண்டு சொட்டு ரத்தம்தான். இல்லாட்டா எங்க பக்கத்துல யாருக்கு சிஸ்டர் இப்படிக் கை நீளும்?